கம்போஸ்ட் சொற்கள்: எது பொருள், எது வேலை, எது பலன்

கேள்வி இதுதான்: "சமையலறைக் கழிவையும் தோட்டக் குப்பையையும் வைத்து வீட்டிலேயே உரம் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். படிக்கப் போனால் பச்சை, பழுப்பு, சி:என் விகிதம், ஏரோபிக், தெர்மோபிலிக், க்யூரிங், லீச்சேட், போகாஷி, ஹ்யூமஸ் என்று வரிசையாக வந்து விழுகின்றன. இவற்றில் எதெல்லாம் எனக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும்?"

முதலில் ஒரு விஷயம். இந்தப் பட்டியலில் மூன்று வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. பச்சை, பழுப்பு என்பவை நாம் போடும் பொருளின் பெயர்கள். ஏரோபிக், தெர்மோபிலிக், க்யூரிங் எல்லாம் குவியலுக்குள் நடக்கும் வேலையின் பெயர்கள். லீச்சேட், ஹ்யூமஸ் போன்றவை அந்த வேலையிலிருந்து கிடைப்பவற்றின் பெயர்கள். ஒரு புதுச் சொல் கண்ணில் பட்டால், இது பொருளா, வேலையா, பலனா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த விரிவான பதில்.

பச்சை, பழுப்பு என்ற இரண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, கூடுதலாக உள்ள கழிவைப் பச்சை என்கிறோம். கார்பன் மிகுதியாகவும் நைட்ரஜன் மிகக் குறைவாகவும் உள்ள கழிவு பழுப்பு. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் இதற்கும் எப்போதும் பொருத்தம் இருக்காது. காபிச் சக்கை பழுப்பாக இருக்கும், ஆனால் பச்சைக் கழிவில்தான் சேரும். சாணமும் அப்படியே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரத்திலிருந்து தானாக உதிரும் இலை பழுப்புக் கழிவு. ஏனென்றால் இலையை உதிர்ப்பதற்கு முன்பு மரம் அதிலிருந்த நைட்ரஜனில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கத்தரித்துப் போட்ட பச்சைக் கிளையின் இலை வெயிலில் காய்ந்து பழுப்பானாலும், அந்த நைட்ரஜன் ஓரளவு அதற்குள்ளேயே இருக்கும். நிறம் ஒன்றாக இருந்தாலும் குவியலுக்குள் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. "காய்ந்ததைத்தானே போட்டேன், அப்புறம் ஏன் நாறுகிறது?" என்று கேட்பவர்கள் பலர் காயவைத்த புல்லைத்தான் போட்டிருப்பார்கள்.

இதையே எண்ணில் சொல்வதுதான் சி:என் விகிதம், அதாவது கார்பன்-நைட்ரஜன் விகிதம். தொடங்கும்போது குவியலில் 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருப்பது நல்லது என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மட்க வைக்கும் பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அது தின்னும் கார்பன் முழுவதும் உடலாக மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உடலுக்குப் போகிறது. மீதி எரிபொருளாகச் செலவாகிக் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஆக 8 பங்கு உடலில் சேர வேண்டுமென்றால் 24, 25 பங்கு தின்ன வேண்டும். கொஞ்சம் இழப்புக்கும் இடம் விட்டால் 30 வரும். நைட்ரஜன் இதைவிடக் கூடிப்போனால், நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படாத மிச்சம் அமோனியாவாகக் காற்றில் போகும். மூக்கைக் குத்தும் அந்த வாடை உங்கள் செடிக்குப் போக வேண்டிய சத்து வீணாவதன் அடையாளம். நைட்ரஜன் குறைந்தால் நாற்றம் எதுவும் வராது. குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், அவ்வளவுதான்.

இந்த 30-க்கு 1 என்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு 30 வாளி சருகு வேண்டுமோ என்று மலைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. காய்கறிக் கழிவிலேயே நைட்ரஜனைப் போல 15 முதல் 20 மடங்கு கார்பன் இருக்கிறது. காய்ந்த இலையில் 40 முதல் 80 மடங்கு வரை. மரத்தூளிலும் அட்டையிலும் சில நூறு மடங்கு. ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் வாளி நிறைய காய்கறிக் கழிவு 5 கிலோ இருக்கும்; அதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் 900 கிராம். அதில் கார்பன் 400 கிராம், நைட்ரஜன் 24 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வாளியில் சருகு நிரப்பினால் முக்கால் கிலோகூட வராது. அதில் கார்பன் 300 கிராம், நைட்ரஜன் 5 கிராம். இப்போது ஒரு வாளி காய்கறிக் கழிவோடு இரண்டு வாளி சருகைச் சேர்த்தால் கார்பன் 1000 கிராம், நைட்ரஜன் 34 கிராம். விகிதம் கிட்டத்தட்ட 29-க்கு 1. "ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் மூன்று" என்று அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்குக்குப் பின்னால் இருப்பது இதுதான். அவர்கள் சொல்வது கொள்ளளவில். எந்தப் பொருளில் எத்தனை மடங்கு கார்பன் என்று பட்டியலிடும் அட்டவணைகள் சொல்வது எடையில். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை உங்களுக்கு அட்டவணையே தேவைப்படாது.

அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு பொருளில் கார்பன் இருக்கிறது என்பதாலேயே நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட முடியாது. மரத்துண்டில் கார்பன் ஏராளம், ஆனால் அது லிக்னின் என்ற கடினமான பொருளோடு பின்னிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கப் பூஞ்சைகள்தான் வர வேண்டும், அவையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். விரல் தடிமன் குச்சிகளைப் போட்டுவிட்டு விகிதம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், குச்சியின் கார்பன் கணக்கில் இருக்கும், குவியலின் வேலைக்கு வராது. துண்டு துண்டாக நறுக்கிப் போடச் சொல்வது இதற்காகத்தான். சிறிய துண்டில் பரப்பளவு அதிகம், நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள இடமும் அதிகம்.

அதற்காக எல்லாவற்றையும் அரைத்து மாவாக்கிவிடவும் கூடாது. இங்கேதான் ஏரோபிக், அனேரோபிக் என்ற அடுத்த ஜோடி வருகிறது. காற்றோடு நடப்பது ஏரோபிக், காற்றில்லாமல் நடப்பது அனேரோபிக். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். குவியலுக்குள் இருக்கும் காற்றில் அது 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்கள் மாறுகிறார்கள்: காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் கை ஓங்கி, மீத்தேன், அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, புளித்த வாடையுள்ள அமிலங்கள் எல்லாம் உண்டாகத் தொடங்கும். மக்கல் என்பதும் அழுகல் என்பதும் வேறு வேறு ஆவது இந்த இடத்தில்தான். குவியலுக்குள் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்றால், தன் எடையால் அமுங்கிப் போகாத சொரசொரப்பான பொருள் கொஞ்சம் வேண்டும்: சிறு குச்சிகள், மரச்சீவல், கிழித்த அட்டை. இவற்றை இடைவெளிப் பொருள் என்று சொல்லலாம், பல்க்கிங் ஏஜென்ட் என்றும் எழுதியிருப்பார்கள். இவை மக்காமல் மிஞ்சினாலும் பரவாயில்லை. சலித்து எடுத்து அடுத்த குவியலில் போடலாம்.

கிளறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளறினால் காற்று போகும் என்பது உண்மைதான். ஆனால் சூடாக வேலை செய்யும் குவியலில், அப்படி உள்ளே போன ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். கிளறுவதன் நிலையான பயன் வேறு. அமுங்கிக் கட்டியானது உதிர்கிறது, இடைவெளி மறுபடி திறக்கிறது, ஓரத்தில் காய்ந்து கிடந்தது நடுவுக்கு வருகிறது. அதனால் தினமும் மேலாக ஒரு குச்சியை விட்டுக் கிண்டுவதைவிட, வாரத்துக்கு ஒரு முறை அடிவரை புரட்டிப் போடுவது மேல்.

ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் மீட்டர் தேட வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நுண்ணுயிர்கள் பொருளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில்தான் வாழ்கின்றன. அது காய்ந்தால் வேலை நிற்கும். அதுவே இடைவெளி முழுவதையும் நிரப்பிவிட்டால் காற்று போய்விடும். ஆகவே ஈரமும் காற்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. நாறும் குவியல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சருகு ஒன்றே மருந்தாவது இதனால்தான். அது ஈரத்தை உறிஞ்சும், இடைவெளி கொடுக்கும், கார்பனும் தரும்.

அடுத்து வெப்பம். மீசோபிலிக், தெர்மோபிலிக் என்ற சொற்கள் வெப்பநிலையைப் பொறுத்து வேலைக்கு வரும் நுண்ணுயிர்க் கூட்டங்களைக் குறிப்பவை. ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை மீசோபிலிக், அதாவது மிதவெப்பக் கூட்டம். இவை சர்க்கரை, மாவுச்சத்து போன்ற எளிதான உணவைத் தின்று மூச்சுவிடும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து 45 டிகிரியைத் தாண்டும்போது, அவற்றாலேயே அங்கு இருக்க முடிவதில்லை. பிறகு தெர்மோபிலிக் கூட்டம் பொறுப்பேற்கிறது. 55-லிருந்து 65 டிகிரி வரை இதன் நல்ல காலம். 70-ஐ நெருங்கினால் இவையும் மடியத் தொடங்கும். அப்போது புரட்டிப் போட்டுச் சூட்டைத் தணிக்க வேண்டும்.

இந்தச் சூட்டுக் கட்டத்துக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்றால், 55 டிகிரிக்குக் குறையாத வெப்பம் தொடர்ந்து மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் அழிகின்றன. ஓரம் குளிர்ந்தே இருக்கும் என்பதால், புரட்டிப் புரட்டி எல்லாப் பகுதியையும் நடுவுக்குக் கொண்டுவரவும் வேண்டும். அந்த வெப்பம் உள்ளே தங்குவதற்குக் குவியல் சுமார் ஒரு கன மீட்டர், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்கு மேல் இருக்க வேண்டும். பால்கனியில் வைத்திருக்கும் 20 லிட்டர் வாளி அந்தச் சூட்டை எட்டாது. அது குறை இல்லை. அதற்குப் பெயர் குளிர் முறைக் கம்போஸ்ட், மெதுவாக ஆனால் நன்றாகவே மக்கும். வாளியில் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: விதை கட்டிய களைகள், நோய் வந்த செடிகள், நாய் பூனைக் கழிவு இவற்றை அதில் போடக் கூடாது. சூட்டு முறைக்கு எழுதிய அறிவுரையைக் குளிர் முறைக்கு எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல்கள் மிக அதிகம். எந்த அறிவுரையைப் படித்தாலும் அது எந்த முறைக்கானது என்று முதலில் பாருங்கள்.

முறைகளுக்கும் பல பெயர்கள் உண்டு. இந்தூர் முறை என்பது 1920-களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்தது: தாவரக் கழிவு, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, சில மாதங்களுக்குள் சில முறை மட்டும் புரட்டுவது. பெர்க்லி முறை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் நறுக்கி, ஒரே தடவையில் குவித்து, ஓரிரு நாளுக்கு ஒரு முறை புரட்டி, இரண்டு மூன்று வாரத்தில் சூட்டுக் கட்டத்தை முடிப்பது. விண்ட்ரோ என்பது நீளவாக்கில் போடும் பெரிய குவியல், வீட்டுக்குத் தேவைப்படாது. டம்ளர் என்பது சுழலும் டிரம். வீட்டில் எது கைக்கு வசதியோ அதைச் செய்யலாம். பெயரால் பலன் மாறுவதில்லை.

குவியலுக்குள் சாம்பல் பூத்தது போல வெள்ளை இழைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் ஆக்டினோமைசீட்கள். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பாக்டீரியா வகை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குபவை இவைதான். அந்த மண்வாசனை குவியலில் வந்தால் வேலை சரியான திசையில் போகிறது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். மக்கியது வேறு, முதிர்ந்தது வேறு. கறுப்பாக, உதிரியாக, என்ன போட்டோம் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டால் உடனே தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு நாற்று மஞ்சளாகிறது, விதை முளைக்கவில்லை, "கம்போஸ்ட் எனக்குச் சரிவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே விடுபட்டது க்யூரிங். முதிர வைப்பது, ஆறப்போடுவது என்று தமிழில் சொல்லலாம். சூடு தணிந்த பிறகு, லேசான ஈரத்தோடு, காற்றோட்டமான இடத்தில், குறைந்தது ஒரு மாதமாவது சும்மா விடுவதுதான் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது நிறைய. சூட்டில் இருக்க முடியாத பூஞ்சைகள் திரும்பி வந்து, மிஞ்சியிருக்கும் கடினமான நார்களைப் பிரிக்கின்றன. நைட்ரஜனை அம்மோனிய வடிவத்திலிருந்து நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கும் சூடு ஆகாது. அவை இந்தக் கட்டத்தில்தான் வேலையைத் தொடங்குகின்றன. வேரைச் சுடும் அமிலங்கள் சிதைந்து போகின்றன.

முதிராததைப் போட்டால் என்ன ஆகும்? அதில் கார்பன் இன்னும் மிச்சமிருக்கும். அதைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் வேண்டும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடிக்குக் கிடைக்க வேண்டியது அவற்றின் உடலில் போய்ச் சேர்ந்துவிடும். நைட்ரஜன் முடக்கம் என்பது இதைத்தான். அந்த நுண்ணுயிர்கள் செத்து மட்கும்போது நைட்ரஜன் மீண்டும் மண்ணுக்கு வந்துவிடும், ஆனால் நாற்று அதுவரை காத்திருக்காது.

இங்கே நிலைத்தன்மை, முதிர்ச்சி என்று இரண்டு சொற்களைப் பார்ப்பீர்கள். நுண்ணுயிர்களின் வேகம் அடங்கிவிட்டதா என்பது நிலைத்தன்மை. செடிக்குத் தீங்கு செய்யாதா என்பது முதிர்ச்சி. முதலாவதைச் சோதிக்க, ஈரமான கம்போஸ்ட் ஒரு கைப்பிடியை ஜிப் பையில் இறுக்கமாக மூடி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ அமோனியா வாடையோ வந்தால் இன்னும் ஆகவில்லை. இரண்டாவதற்கு, விரைவில் முளைக்கும் முள்ளங்கி போன்ற விதை பத்தை அந்தக் கம்போஸ்ட் கலந்த மண்ணிலும், இன்னும் பத்தைச் சாதாரண மண்ணிலும் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி முளைத்து, வேர் வெள்ளையாக ஓடினால் தைரியமாகப் பயன்படுத்தலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

அடுத்து திரவங்கள். இவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று மிகவும் கலந்து கிடக்கின்றன. லீச்சேட், அதாவது கசிவு நீர், வாளியின் அடியில் தானாக வடிவது. பாதி மக்கிய கழிவின் வழியே வருவதால் அதில் உப்பும் இருக்கலாம், நோய்க்கிருமியும் இருக்கலாம். கீரை, காய்கறிக்கு அதை ஊற்றாமல் இருப்பதே நல்லது. காய்ந்து கிடக்கும் குவியலின் மேலேயே திரும்பத் தெளித்துவிடலாம். நிறைய வடிகிறது என்றால் அது உரம் நிறையக் கிடைக்கிறது என்பதல்ல, குவியலில் ஈரம் அதிகம் என்று பொருள். கம்போஸ்ட் டீ என்பது முதிர்ந்த கம்போஸ்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பெரும்பாலும் காற்று செலுத்தி, வேண்டுமென்றே தயாரிப்பது. சிலர் நுண்ணுயிர் பெருக வெல்லப்பாகு சேர்க்கிறார்கள். அந்தச் சர்க்கரையில் வேண்டாத கிருமிகளும் பெருகக்கூடும் என்பதால், பச்சையாகத் தின்னும் பயிர்மீது அதைத் தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயைத் தடுக்கும் என்று சொல்வதற்குக் கிடைத்த ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. அதே கம்போஸ்டை அப்படியே மண்ணில் போட்டால் நிச்சயமான பலன் உண்டு. வெர்மிவாஷ் என்பது மண்புழுக்கள் வாழும் படுக்கை வழியே தண்ணீரை வடியவிட்டு எடுப்பது. படுக்கை நன்றாக மக்கிய நிலையில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு, இல்லாவிட்டால் அதுவும் கசிவு நீர்தான்.

மண்புழு உரம், வெர்மிகம்போஸ்ட், சூட்டு முறையிலிருந்து முற்றிலும் வேறான வேலை. இதில் சூடு ஏறவே கூடாது. 35 டிகிரியைத் தாண்டினால் புழுக்களுக்கு ஆபத்து. எல்லா மண்புழுவும் இதற்கு ஆகாது. மண்ணை ஆழமாகத் துளைத்து வாழும் புழுவைப் பிடித்து வாளியில் விட்டால் அது பிழைக்காது. மேற்பரப்பில், மக்கும் குப்பையில் வாழும் வகைதான் வேண்டும்: ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜீனியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. கழிவை நேரடியாகக் கொடுக்காமல் இரண்டு மூன்று வாரம் மட்க விட்டு, சூடு தணிந்ததும் கொடுப்பதை முன்மட்கல் என்கிறார்கள். புதுக் கழிவை மொத்தமாகக் கொட்டினால் அது சூடாகிப் புழுக்களைக் கொன்றுவிடும். சூட்டுக் கட்டம் இல்லாததால் மண்புழு உரத்தில் விதைகள் உயிரோடு இருக்கும். தொட்டியில் திடீரென்று தக்காளிச் செடி முளைத்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

போகாஷியைக் கம்போஸ்ட் முறைகளோடு சேர்த்துப் பேசுகிறார்கள், ஆனால் அது நொதிக்க வைப்பது. ஊறுகாய் போடுவதற்குத்தான் நெருக்கமானது. காற்றுப் புகாத வாளியில், லாக்டிக் அமில பாக்டீரியா ஏற்றிய தவிட்டைத் தூவி, கழிவை அமுக்கி வைப்பார்கள். வாளி நிறைந்த பிறகு இரண்டு வாரம் மூடி வைத்துத் திறந்தால் கழிவு உருமாறாமல் அப்படியேதான் இருக்கும். ஆனால் புளித்து, அமிலத்தன்மை ஏறியிருக்கும். அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் விட்டால்தான் மக்கும். சமைத்த உணவு, இறைச்சி எல்லாம் போடலாம் என்பது இதன் பெரிய வசதி. திறந்ததும் செடியின் வேரில் போட்டால் அமிலம் வேரைத் தாக்கும்.

இலை மட்கு தனி. உதிர்ந்த இலையை மட்டும் ஈரமாக்கிக் குவித்து ஓராண்டு, இரண்டாண்டு விடுவது. இங்கே வேலை செய்வது பூஞ்சைகள். சத்து குறைவு, ஆனால் நீரைப் பிடித்து வைக்கும் திறன் அபாரம்.

ஆக்டிவேட்டர், கல்ச்சர், ஸ்டார்ட்டர் என்று விற்கும் பொடிகள் பெரும்பாலும் தேவையில்லை. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கழிவின் மேலேயே இருக்கின்றன. குவியல் மந்தமாக இருந்தால் அங்கே குறைவது நுண்ணுயிர் அல்ல. ஈரம், காற்று, நைட்ரஜன் இவற்றில் ஒன்று. மனத்துக்குத் திருப்தி வேண்டுமென்றால் பழைய கம்போஸ்ட் இரண்டு கைப்பிடி போடுங்கள். சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ப்பதை நான் தவிர்க்கச் சொல்வேன். ஆரம்பத்தில் குவியலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5 வரை இறங்கி அமிலமாவது இயல்பு. பிறகு தானாகவே 7, 8-க்கு ஏறும். இடையில் சுண்ணாம்பு போட்டால் நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறுவதுதான் அதிகமாகும்.

கையில் கிடைப்பதன் பெயர்களுக்கு வருவோம். தொழு உரம் கால்நடைக் கழிவிலிருந்து வருவது; மக்கியதும் இருக்கும், மக்காததும் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். மூடாக்கு என்பது மண்ணின் மேல் பரப்புவது. அது மக்கியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. சருகை மண்ணின் மேல் பரப்பினால் மூடாக்கு. அதையே மண்ணுக்குள் கலந்தால் நைட்ரஜன் முடக்கம். பாட்டிங் மிக்ஸ் என்பது தொட்டிக்கான கலவை. அதில் கம்போஸ்ட் கொள்ளளவில் 20, 30 சதவீதம் இருந்தால் போதும். கம்போஸ்டையே தொட்டி முழுக்க நிரப்பினால் உப்பு கூடும், நாளடைவில் அமுங்கிக் காற்றும் குறையும். என்.பி.கே. என்பது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றின் அளவு. கம்போஸ்டில் தழைச்சத்து உலர் எடையில் பொதுவாக 1, 2 சதவீதம்தான் இருக்கும். அதிலும் முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது ஒரு சிறு பகுதி. எனவே உர மூட்டையின் எண்களோடு இதை ஒப்பிட வேண்டாம். மண்ணின் அமைப்பு, நீர்ப்பிடிப்பு, மண்ணுயிர்கள் இவற்றுக்காகத்தான் முதலில் கம்போஸ்ட். ஹ்யூமஸ் என்ற சொல்லை நன்றாக மக்கிய கரிய பகுதி என்று எடுத்துக்கொண்டால் போதும். அது ஒரு தனி வேதிப்பொருளா என்பதில் மண்ணியல் அறிஞர்களுக்குள்ளேயே இப்போது கருத்து மாறி வருகிறது. பலர் மண்ணின் கரிமப் பொருள் என்றே சொல்கிறார்கள்.

பைகள், கப்புகள் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு சொற்களில் எச்சரிக்கை தேவை. பயோடிகிரேடபிள் என்றால் எப்போதாவது, ஏதோ ஒரு சூழலில் சிதையும் என்பது மட்டுமே. எத்தனை நாளில், எந்த வெப்பத்தில் என்று அது சொல்வதில்லை. கம்போஸ்டபிள் என்பதற்கு வரையறை உண்டு. ஐரோப்பாவின் இ.என். 13432 தரநிலைப்படி அந்தப் பொருள் 12 வாரத்தில் துண்டு துண்டாகச் சிதைய வேண்டும், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் உயிர்வழியில் சிதைந்திருக்க வேண்டும். ஆனால் அது 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நடக்கும் தொழிற்கூடக் கம்போஸ்டுக்கான சோதனை. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் செய்த கப் உங்கள் வாளியில் ஆண்டுக்கணக்கில் கப்பாகவே கிடக்கும். வீட்டுக் கம்போஸ்டுக்கு ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் போடுங்கள்.

கடைசியாக, அடிக்கடி கேள்விப்படாத ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: எச்சக் களைக்கொல்லி. குளோபைராலிட், அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளித்த புல்லை மாடோ குதிரையோ தின்றால், அவை சிதையாமல் சாணத்தில் வரும். சூட்டுக் கம்போஸ்டிலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். தக்காளி, அவரை, பட்டாணி இவற்றின் இலைகள் கோப்பை போலச் சுருண்டுவிடும். வெளியிலிருந்து வைக்கோல், சாணம், கம்போஸ்ட் வாங்குவதாக இருந்தால், மூன்று தொட்டியில் அதைக் கலந்தும் மூன்று தொட்டியில் கலக்காமலும் பீன்ஸ் விதை போட்டு மூன்று நான்கு வாரம் பாருங்கள். கலந்த தொட்டிகளில் மட்டும் புதிய இலைகள் சுருண்டு வந்தால் அந்தச் சரக்கைக் காய்கறிப் பாத்தியில் சேர்க்க வேண்டாம். புல்வகைப் பயிர்களை இந்தக் களைக்கொல்லிகள் பாதிப்பதில்லை என்பதால், புல்தரையில் பரப்பிவிடலாம். வெட்டிய அந்தப் புல்லை மட்டும் மறுபடி உங்கள் குவியலுக்குக் கொண்டுவராதீர்கள்.